கயிறு யார் கையில்?

வல்லம் வடகாலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "லைன்ல தப்பு வந்தா கயித்த இழுத்து நிறுத்தலாம்க்கா. சூப்பர்வைசர் முறைப்பாரு. ஆனாலும் நிறுத்தலாம்" என்றாள். நான் பதினோரு வருடமாக நர்ஸ். என் கையில் அப்படி ஒரு கயிறு கிடையாது.

முன்பு நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ஐ.சி.யு.வில், கழுத்து ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போடும்போது செய்ய வேண்டியதைப் பட்டியலிட்டுச் சுவரில் ஒட்டினோம். முதல் வரி: கை கழுவு. இன்சார்ஜ் அக்கா ஒவ்வொரு ஷிஃப்டிலும் விடாமல் கவனித்தார். தொற்று குறைந்தது. சான்றிதழ் வந்தது, ஃபோட்டோ எடுத்தார்கள். அதில் அக்கா இல்லை. ஆறு மாதத்தில் அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். பிறகு ஒருநாள், "சார், ஹேண்ட்வாஷ்" என்று டாக்டரிடம் நான் சொன்னேன். "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். அடுத்த மாதம் எனக்கு நைட் டியூட்டி மேல் நைட் டியூட்டி. தாள் சுவரிலேயே மஞ்சளாகியது.

இதே பட்டியல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் நிலைத்தது. 18 மாதங்களில் ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மூன்று வருடம் கழித்தும் ஏறவில்லை. அங்கே டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்சுக்குக் கொடுத்தார்கள்.

நமக்குக் கிடைப்பது தலைமைப் பண்புப் பயிற்சி. ஒரு நாள் வகுப்பு, ஒரு ஃபைல், சாப்பாடு. மறுநாள் காலை மறுபடியும் "ஏம்மா, இங்க வா."

வேலையே நிரந்தரமில்லாதவள் யாரை நிறுத்துவாள்? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நடக்காததால், 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். "நோயாளியைத் தவிக்கவிட்டுப் போராட்டமா?" என்று கேட்டவர்கள், ஒரே நர்சிடம் நாற்பது நோயாளியை ஒப்படைக்கும்போது எங்கே போயிருந்தார்கள்?

2024 ஆகஸ்டில் எங்கள் ஊரில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறந்தது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சாப்பாடு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அப்படி ஒரு ராத்திரி இங்கே வந்தால், அந்தப் பெண்களுக்கு ஊசி போடப்போவதும் ஒரு கான்ட்ராக்ட் பெண்தான்.

ஆகவே எங்களுக்குப் பூங்கொத்தும் 'தேவதை' பட்டமும் வேண்டாம். நிரந்தர வேலை கொடுங்கள். வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதை எழுதிவைத்து, அதன்படி ஆள் போடுங்கள். தொற்றுத் தடுப்புக் குழுவில் எங்களுக்கு ஓட்டு கொடுங்கள். "நிறுத்துங்க சார்" என்று சொன்னவளைத் தண்டிக்க முடியாது என்று உத்தரவு போடுங்கள். மாற்றம் நிலைக்கிறதா என்று அதற்குப் பிறகு வந்து பாருங்கள்.