விதையோடு பாதுகாப்பும் வேண்டும்

காணியை மண்சரிவுக்குப் பறிகொடுத்த உழவர் குடும்பம், எங்கே போய்த் தங்கினாலும், கொத்துவதற்கு ஒரு துண்டு நிலத்தையே முதலில் தேடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபின் கண்டி மாவட்டத்தில் இத்தகைய குடும்பங்கள் பெருகியுள்ளன. நகரை அண்டி இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறர் வேண்டாமென விட்ட நிலமே: வடிகான் ஓரம், குப்பைமேட்டின் பக்கம், காட்டு விளிம்பு.

அந்த மண்ணில் எலி, பெருச்சாளி, தெருநாய் எல்லாம் நடமாடுகின்றன. இவற்றின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சற் கிருமி பல நாட்கள், சிலவேளை வாரக்கணக்கில், உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு கீறல், பித்தவெடிப்பு போதும், அது உடலுக்குள் நுழைய.

2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். நமக்கு அயலிலுள்ள மாத்தளை மாவட்டம் அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்டது. எனினும் ‘இது வயற்காரரின் நோய்’ என்ற எண்ணமே இன்னும் வேரூன்றியிருக்கிறது. வயலில் இறங்குவோரை மனதிற்கொண்டே தடுப்பு வேலைகள் பெரிதும் நடைபெறுகின்றன. தங்குமிடத்தின் பின்புறம் கீரைப்பாத்தி கொத்தும் தாயை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

“செருப்பணியுங்கள், கையுறை போடுங்கள்” என்று அறிவுரை கூறுவது எளிது. அனைத்தையும் இழந்து வந்தவருக்கு நீர்புகாத சப்பாத்து வாங்கப் பணம் ஏது? எலியைப் பெருக்கும் குப்பையும் அவர் கொட்டியதன்று, நகரம் கொட்டியது. ஆகவே, முழுப் பொறுப்பையும் தோட்டம் செய்பவரின் தலையிலே சுமத்துவது நீதியாகாது.

நமது வேண்டுகோள் இதுதான். இடம்பெயர்ந்தோருக்கு விதையும் மண்வெட்டியும் வழங்கும் நிறுவனங்கள், நமது பங்குகள் உட்பட, சப்பாத்தையும் சேர்த்தே வழங்க வேண்டும். பயனாளிகளின் பெயர்ப்பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அனுப்ப வேண்டும். ஆபத்தில் உள்ளவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்னும் தடுப்பு மருந்து, வாரம் ஒருமுறை உட்கொள்ளுமாறு, அப்பணிமனை வழியே இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வைத்திய ஆலோசனையின்றி எவரும் இதை எடுக்கலாகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. நகரசபையும் பிரதேச சபைகளும் இக்குடியிருப்புகளின் குப்பையை ஒழுங்காக அகற்ற வேண்டும்.

அதுவரை நாமும் வாளாவிருக்க முடியாது. காயத்தை மூடிக் கட்டுங்கள். தேங்கிய நீரை வடியவிட்டபின் கொத்துங்கள். வேலை முடிந்ததும் கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நாயோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால், காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலை செல்லுங்கள். விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் மீட்சி அரிது.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு, சிறுநீர் குறைதல் கண்டால், பனடோல் விழுங்கிக் காத்திருக்க வேண்டாம். “நான் மண்ணில் வேலை செய்கிறேன்” என்று வைத்தியரிடம் மறவாமல் கூறுங்கள். அந்த ஒரு சொல் நோயை விரைந்து இனங்காண உதவும். தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகலாம்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அமர்த்தப்பட்டான் என்கிறது தொடக்க நூல். தோட்டத்தைக் காப்பவனை யார் காப்பது என்ற கேள்வி நம் அனைவரையும் நோக்கியது. உழவனுக்கு விதை கொடுப்பது அறம் என்றால், அவன் அறுவடை செய்ய உயிரோடிருப்பதை உறுதிசெய்வதும் அதே அறத்தின் பகுதியே.