நிற்கத் தெரியாத பிள்ளைகளா?

"நம்ம பசங்க எங்கப்பா ஒரு வேலையில நிக்கறானுங்க? ஆறு மாசம் போனா அடுத்த கம்பெனி. அதான் வடக்கேருந்து வந்தவன் எல்லாத்தையும் புடிச்சிக்கிறான்."

கல்யாணப் பந்தியில், டீக்கடை பெஞ்சில், முடிவெட்டும் கடையில் இதைக் கேட்காதவர் வட தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். போன தை மாதம் செய்யாறு பக்கம் ஓர் உறவுக்காரர் வீட்டில், பெற்ற தகப்பனே மகனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "கடன் வாங்கி டிப்ளமோ படிக்க வெச்சேண்ணா. மூணு வருசத்துல மூணு கம்பெனி மாத்திட்டான்." பையன் ஒன்றும் பேசவில்லை. கையில் ஒரு மாத்திரை அட்டை. அதை அழுத்தி ஒரே ஒரு மாத்திரையை வெளியே எடுக்க அவனால் முடியவில்லை. அம்மாவிடம் நீட்டினான். அவர் பிரித்துக் கொடுத்தார்.

இருபத்து மூன்று வயதுப் பையனின் வலது கட்டைவிரல் அது. காருக்குள் ஓடும் ஒயரிங்கை மாட்டுவது ஒரகடத்தில் அவன் பார்த்த வேலை. பிளாஸ்டிக் கனெக்டரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், 'டிக்' என்று சத்தம் வர வேண்டும், வந்தால் அடுத்தது. கன்வேயர் நகர்ந்துகொண்டே இருக்கும். ரோபோ வந்தால் மனிதனுக்குப் பளு குறையும் என்று சொன்னார்கள். வெல்டிங்கை ரோபோ எடுத்துக்கொண்டது, பெயின்ட் அடிப்பதையும் எடுத்துக்கொண்டது, உண்மைதான். ரோபோவின் கை நுழையாத இடத்தில் குனிந்து, நெளிந்து, விரலை விட்டு மாட்டுகிற வேலை மனிதனுக்கு மிஞ்சியது. அதையும் இயந்திரத்தின் வேகத்தில் செய்ய வேண்டும்.

தனியாகப் பேசியபோதுதான் விஷயம் வந்தது. மூன்று கம்பெனியில் ஒன்றைக்கூட அவனாக விடவில்லை. முதல் இடத்தில் பதினோராவது மாதம் 'பிரேக்' என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். இரண்டாவதில் ஆள் அனுப்பும் கன்சல்டன்சியின் ஒப்பந்தம் முடிந்தது என்று மொத்த பேட்சையும் ரிலீவ் செய்தார்கள். மூன்றாவதில் ட்ரெய்னி. காலம் முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். "இத வீட்ல சொன்னா, நீ ஒழுங்கா இருந்தா ஏண்டா அனுப்பறாங்கன்னு கேப்பாங்க. அதான் புடிக்கலன்னு வந்துட்டேன்னு சொல்லிட்டேன்" என்றான். அனுப்பப்பட்டேன் என்பதைவிட விட்டுவிட்டேன் என்பது அவனுக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் சொன்ன சொல், ஒன்று சேர்ந்து ஊர் நம்பிக்கையாகத் திரண்டு நிற்கிறது!

ஏன் பதினோராவது மாதம்? தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. நல்ல சட்டம். ஆனால் 480 என்ற எண் தெரிந்துவிட்டால், அதை எட்டும் முன்பே ஆளை வெளியே அனுப்புவது ஒரு நாட்காட்டிக் கணக்கு, அவ்வளவுதான். ட்ரெய்னி என்று பெயர் போட்டுவிட்டால் அந்தக் கணக்குக்கே இடமில்லை என்பது நிர்வாகங்களின் வாதம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. லைனில் பக்கத்தில் நிற்கும் பர்மனென்ட் ஆள் மாட்டுகிற அதே கனெக்டரை அதே வேகத்தில் மாட்டினாலும் அவர் 'பழகிக்கொண்டிருக்கிறார்'. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற ஒரே அசைவை ஓராண்டு முழுக்கப் பழக என்ன இருக்கிறது? மூன்று வருடம் தெர்மோடைனமிக்ஸும் மெஷின் டிராயிங்கும் படித்தவனுக்கு அந்த லைன் கற்றுக்கொடுத்தது 'டிக்' சத்தம் ஒன்றைத்தான்.

யார் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. பிளஸ் டூ முடித்த பெண்களும் பையன்களும் சாரிசாரியாகப் போனார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். வீட்டுக்குத் தாலிக்கொடியும் தம்பிக்குக் காலேஜ் ஃபீசும் அந்தச் சம்பளத்தில் வந்தன. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் நோக்கியா மீது வரி வழக்கு வந்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விடுபட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதை ஒட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஒன்பது வருடம் தாங்காமல் போனது கம்பெனி.

நிற்கத் தெரியாதவர்களா இவர்கள்? 2021 டிசம்பரில் ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது, கூடவிருந்த பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தரமில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2024 செப்டம்பர் தொடங்கி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் போனது, கைது நடந்தது, பந்தலைப் பிரித்தார்கள். கலையவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. வேலையை விட்டு ஓட நினைப்பவன் எதற்கு ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் உட்கார்ந்து சங்கம் கேட்கிறான்?

உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது" என்பது அந்த ஊர்ப் பேச்சின் இரண்டாம் பாதி. ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. நின்று வேலை செய்பவருக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது. எத்தனை லைன்களில் ஒரு ஸ்டூல் இருந்தது என்று வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து இடத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு ஊர் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் நைட். இரவு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இல் மீண்டும் உறுதிசெய்தது. இந்த உடம்புகள் இருபத்தெட்டு வயதில் வலியோடு திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் போய்ச் சேருகின்றன. மருந்துச் செலவு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் ஊர் வளர்ந்தது என்று சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: இங்கே ஏறியது படுக்கைகளின் எண்ணிக்கை. புருஷன், பிள்ளை, பள்ளிக்கூடம் என்று ஒரு தொழிலாளி குடும்பமாக வாழும் வீட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் சேர்ப்பதில்லை என்று அதே ஆண்டு ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. நிரந்தரமாக வாழவே இடம் வைக்காத ஊரில் நிரந்தரமாக ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறோம்.

வடக்கிலிருந்து வருபவன் நம்மைவிட உழைப்பாளி என்பதும், நம் வேலையைப் பறித்தான் என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஒடிசாக்காரனுக்கும் நம் பசங்களைப் போலவே சிமென்ட் ஷீட் ரூம்தான். ஒருவன் நைட் முடித்து வந்து படுக்கும் பாயில், அதுவரை படுத்திருந்தவனின் சூடு ஆறியிருக்காது. அவனுக்கும் அதே பிரேக், அதே கன்சல்டன்சி. ரயிலேற்றிவிட்டால் கேள்வி கேட்க ஊரில் ஆளில்லை என்பதால் அவன் வேண்டியவனாகிறான். அவனும் நிற்கப் போவதில்லை. நிற்க விடமாட்டார்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால், ஏசுவதற்கு முன் அவன் பெட்டியில் இருக்கும் கம்பெனிக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். செய்யாறு பையனின் கடிதத்தை நான் படித்தேன். வேலையில் சேரும் தேதிக்கு அடுத்த வரியிலேயே, முடியும் தேதியும் அச்சடித்திருந்தது.