தோல் தொழிலும் எழுதும் எந்திரமும்

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றி நூறாண்டுகளுக்கும் மேலாகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என அடுக்கிச் சொல்லப்படும் ஊர்களில் நிமிர்ந்து நிற்கும் பள்ளிவாசல்களும் மதரசாக்களும் பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் இத்தொழில் ஈட்டித் தந்த பொருளால் எழுந்தவையே. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோன்றியமைக்குப் பின்னே தோல் வணிகப் பெருமக்களின் கொடையுள்ளம் இருந்தது. தோலைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கைகள், தம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்துவிட வேண்டும் என்று விரும்பின.

அவ்விருப்பம் நிறைவேறிய வரலாறு நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. சுண்ணாம்புத் தொட்டியருகே நாளெல்லாம் நின்ற தந்தையின் மகன் பி.காம். முடித்து ஏற்றுமதி அலுவலகத்தில் நாற்காலியிட்டு அமர்ந்தான். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் மணக்கும் உடையோடு வீடு திரும்பியவரின் பேரன், இத்தாலிய வணிகருக்கு ஆங்கிலத்தில் மடல் தீட்டினான். எந்திரம் வந்தால் கைவேலையைத்தான் விழுங்கும், படித்தவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்பது நம் பெரியோர்களின் கணிப்பு. கல்லூரிகளைக் கட்டியதே அக்கணிப்பின் மேல்தான். அது இன்று தலைகீழாகி வருகிறதோ என்னும் ஐயத்தை இம்மலரின் வாயிலாகச் சமுதாயப் பெரியோர் முன்பும் மாணவச் செல்வங்கள் முன்பும் வைக்க விரும்புகிறோம்.

2022 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனம் ‘சாட்ஜிபிடி’ என்னும் கருவியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதனையொத்த கருவிகள் இன்று பல. மலைமலையாய்க் குவிந்த எழுத்துகளை உள்வாங்கி, ஒரு சொல்லுக்கு அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்தே வாக்கியம் அமைப்பது இவற்றின் இயல்பு. மடல் எழுதும், மொழிபெயர்க்கும், நீண்ட அறிக்கையைச் சுருக்கும், கேட்டால் படமும் வரையும். ஆனால் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பெண்ணின் விரல்நுனி வேலையை இக்கருவிகளால் செய்ய இயலாது. காலையில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பேருந்து பேருந்தாக ஆம்பூருக்கு வரும் அப்பெண்களின் வேலைக்கு வேறு அச்சங்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது அவ்வச்சத்தைக் கண்ணெதிரே கண்டோம். எழுதும் எந்திரமோ முதலில் அமர வருவது படித்தவனின் நாற்காலியில்.

நம்மிடம் தமிழ் பயின்று, ஏற்றுமதி அலுவலகமொன்றில் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். வெளிநாட்டு வணிகரின் மடல்களுக்கு விடை எழுதுதல், மாதிரிகளின் விவரக் குறிப்பு, சரக்கனுப்பும் ஆவணங்கள் ஆகியவற்றை அவருடைய பிரிவில் முன்பு ஐவர் கவனித்தனராம். இப்போது மூவர். “எவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை ஐயா, விலகிப் போன இருவரின் இடத்தில் ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான்” என்றார். நம்மைத் தூங்கவிடாமல் செய்தது இந்த ‘அவ்வளவுதான்’. பெங்களூரின் ‘துக்கான்’ என்னும் நிறுவனம் தன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவினருள் 90 விழுக்காட்டினரை நீக்கி எந்திரத்தை அமர்த்தியதை 2023 சூலையில் அதன் நிறுவனரே பறைசாற்றினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆள் எடுக்காமல் விடுவதற்கு யார் கண்டனம் தெரிவிப்பார்கள்? அவ்விடத்துக்கு வந்திருக்க வேண்டிய இளைஞன் யாரென்று அவனுக்கே தெரியாதே! அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர்கள் 2023இல் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து, இவ்வெந்திரத்தைப் பயன்படுத்துவதற்குச் சில வரம்புகளை ஒப்பந்தத்திலேயே பெற்றனர். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. இன்னும் வேலையில் சேராத நம் பட்டதாரிக்கு ஏது சங்கம்?

இதற்கு முன்பும் இப்படித்தானே என்பார் உண்டு. கடைத்தெருக்களில் தட்டெழுத்துப் பயிலகங்கள் காலை ஆறு மணிக்கே படபடவென்று ஒலித்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. கணிப்பொறி வந்தது, தட்டச்சுப்பொறிகள் மூலைக்குப் போயின, பயிலகம் நடத்தியவரே கணிப்பொறி மையம் வைத்தார். 1980களில் வங்கித் தொழிற்சங்கங்கள் கணிப்பொறியை எதிர்த்ததும், பின்னர் அதே துறை நம் பிள்ளைகளுக்கு வாழ்வளித்ததும் உண்மையே. எனினும் ஒரு வேறுபாடு உளது. கணிப்பொறி வந்தபோதும் வாசகத்தைச் சிந்தித்து அமைத்தவன் மனிதன். எந்திரம் அதை அச்சிட்டது. இப்போது வாசகத்தையே எந்திரம் அமைக்கிறது. ஆகவே பழைய ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ள நம்மால் இயலவில்லை.

நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நம் பகுதி மும்மொழிப் பகுதி. வீட்டில் உருது, தெருவிலும் தொழிற்கூடத்திலும் தமிழ், வணிகத்துக்கு ஆங்கிலம் என்று வாழ்கிறோம். தொழில் நுணுக்கம் அத்தனையும் அறிந்தும் ஆங்கிலம் தடுமாறியதால் பிறர் கையை எதிர்பார்த்து நின்ற சிறு உற்பத்தியாளர் நம்மிடையே பலர். அத்தகையவர் இன்று தம் கருத்தைத் தமிழிலோ உருதுவிலோ சொல்லிப் பிழையற்ற ஆங்கில மடலைப் பெறுகிறார். பெரியமேட்டு இடைத்தரகரின் தயவின்றி அயல்நாட்டாருடன் நேரே பேச முடிகிறது. இதனைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் எழுதித் தருவதற்கும் அறிந்து சொல்வதற்கும் இடையே உள்ள தூரத்தை நாமே சோதித்துப் பார்த்தோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் பற்றிக் கேட்டதற்கு விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்றையும் அக்கருவி செம்மையாகவே உரைத்தது. ஒரு பாடலை எடுத்துத் தருக என்றோம். தந்தது. எதுகை உண்டு, விருத்தத்தின் சாயல் உண்டு. சீறாவில் அப்படியொரு பாடல் இல்லை! இருபது ஆண்டுகளாக அந்நூலைப் பாடம் சொல்வதால் நமக்குத் தெரிந்தது. முதலாண்டு மாணவனுக்கு எவ்வாறு தெரியும்?

புலவர் பாடலில் நேரும் பிழையால் நட்டம் எவருக்கும் இல்லை என்று வணிகர் சிரிக்கக்கூடும். தோலில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். ஆய்வறிக்கையைச் சுருக்கித் தரும் எந்திரம் அந்த எண்ணைச் சற்றே பிறழ எழுதி, அதைப் படிக்காமலே ஒருவர் அனுப்பிவிட்டால், சரக்கு முழுவதும் துறைமுகத்தில் தேங்கும். அப்போது எந்திரத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா? ஏர் கனடா விமான நிறுவனம் ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டது. அதன் இணையதள எந்திரம் பயணி ஒருவருக்குத் தவறான கட்டண விதியைச் சொல்லிவிட, எந்திரம் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்லோம் என்றது. 2024 பிப்ரவரியில் கனடா நாட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்காது, இழப்பீடு தருமாறு பணித்தது. அமானிதம் என்று நம் மார்க்கம் கூறும் பொறுப்பு, கையெழுத்திட்டவரின் தலைமேல்தான் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தோல் கூடத்துக்கும் தனித்தனிப் பக்குவம் இருக்கிறது. எந்தச் சாயம், எவ்வளவு எண்ணெய், எத்தனை நேரம் உருளையில் சுற்றுவது என்பதைத் தந்தை மகனுக்கு மட்டுமே சொன்ன குடும்பங்களை நாம் அறிவோம். அதையெல்லாம் இன்று ஓர் இளைஞன், அறிக்கை அழகாக வரவேண்டும் என்பதற்காக முன்பின் அறியாத கருவியில் தட்டி வைக்கிறான். தென்கொரியாவின் சாம்சங் நிறுவனத்தில் பொறியாளர்கள் நிறுவனத்தின் மறைபொருள்களை இவ்வாறு சாட்ஜிபிடியில் இட்டது தெரியவந்தபின், 2023 மே மாதத்தில் அந்நிறுவனம் அத்தகைய கருவிகளுக்கே தடை விதித்தது. அத்துணைப் பெரிய நிறுவனமே அஞ்சியதெனில், ஆம்பூரின் சிறு முதலாளி ஒருமுறை யோசிக்கலாம்.

புதியது வரும்போது ஆதாயத்தை உடனே எண்ணுவதும், செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்வதும் நமக்குப் பழக்கமான ஒன்று. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. குரோம் பதனிடு முறை வந்தபோது விரைவைக் கண்டு மகிழ்ந்தோம். கழிவுநீர் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்புரைத்தது. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். 2025 சனவரி 30 அன்றும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. எழுதும் எந்திரம் ஆற்றில் எதையும் கலப்பதில்லைதான். ஆயினும் இரண்டு ஊதியம் மிச்சமாயிற்று என்று கணக்கெழுதும்போது, அந்த இரண்டு குடும்பங்கள் எக்கணக்கில் வருகின்றன? உழைப்பவரின் கூலியைத் தாமதியாது கொடுக்க வலியுறுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிவந்தவர்கள் நாம். கூலியே எழாதபடி செய்வது குறித்தும் நம் ஜமாஅத்துகளில் பேசப்பட வேண்டும்.

எந்திரத்தை விலக்குக என்று நாம் கூறவில்லை, கூறினாலும் நடவாது. முதலாளிப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது, புதிதாக வரும் பட்டதாரியை எடுப்பதை நிறுத்தாதிருங்கள் என்பதே. எந்திரம் எழுதிய மடலில் பிழை காணும் அனுபவசாலி, பத்தாண்டுகளுக்கு முன் தானே தப்பும் தவறுமாக மடல் எழுதிக் கற்றவர். கற்கும் இடத்தை அடைத்துவிட்டால் அடுத்த அனுபவசாலி எங்கிருந்து வருவார்? கல்லூரியாகிய நாமும் மாறியாக வேண்டும். கட்டுரையை எழுதிவருக என்று வீட்டுக்கு அனுப்பி மதிப்பெண் இடும் வழக்கம் இனிப் பொருளற்றது. எந்திரம் தந்த கட்டுரையை வகுப்பில் வைத்து, எங்கே பொய், எங்கே மெய் என்று பிரிக்கச் சொல்வதே தகும். இவ்வாண்டு முதல் நம் வகுப்பில் அவ்வாறே செய்து வருகிறோம். மாணவர் முணுமுணுக்கின்றனர்.

தமிழ்த்துறைக்கென்று இன்னொரு கடமையும் உண்டு. எந்திரம் அறிந்தது எழுதப்பட்டதை மட்டுமே. பட்டை கொண்டு பதனிட்ட காலத்தில் நம் தொழிலாளர் வழங்கிய சொற்களில் பெரும்பாலன எந்நூலிலும் ஏறாதவை. சென்ற ஆண்டு நம் மாணவர் சிலர் பேரணாம்பட்டில் ஒரு முதியவரிடம் இரண்டு பிற்பகல்கள் அமர்ந்து, தோலின் குறை, நிறை, பக்குவம் பற்றிய சொற்களை எழுதி வந்தனர். தோலை மடித்தும், ஓரத்தை வெட்டி உட்புறத்தைப் பார்த்தும், பதம் ஏறியதா என்று அவர் காட்டியதையும் குறித்துள்ளனர். அச்சொற்களுள் சிலவற்றை எந்திரத்திடம் கேட்டோம். ஏதேதோ பொருள் சொல்லிற்று. அக்குறிப்பேடு துறையில் உள்ளது, பாதிக்குமேல் வெற்றுத்தாள். தோல் கூடங்களில் உழைத்த பெரியவர் எவர் வீட்டிலேனும் இருப்பின் துறைக்குச் சொல்லியனுப்புங்கள். வெள்ளிக்கிழமை தவிர எந்நாளும் பிற்பகலில் மாணவர்கள் வந்து எழுதிக்கொள்வார்கள்.