யாருக்கு வணக்கம்?

மேல்கோட்டை என்றதும் நம்மவர் நாவில் ஊறுவது புளியோதரை. அடுத்தபடியாக மலைமேல் யோக நரசிம்மர், கீழே கல்யாணிக் குளம். மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடுமுறை நாளில் போய்வர ஏற்ற ஊர். ஆனால் நான் எழுத வந்தது உலாவைப் பற்றி அன்று, ஒரு சொல்லைப் பற்றி. அவ்வூர்த் தெருவில் சின்னஞ்சிறு பிள்ளைகள் சிலர், வெளியூரார் என்று கண்டதும் கைகுவித்து 'நமஸ்தே' என்று கூவினார்கள். அவர்களுள் வீட்டில் தமிழ் பேசும் சிறுமி ஒருத்தியிடம், "நமஸ்தே என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். "பெரியவா வந்தா சொல்றது" என்றாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. அப்படித்தான் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மேல்கோட்டை மட்டுமா? நாம் படித்த பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியர் வந்தால் எழுந்து நின்று கூட்டுக்குரல். கல்வி அதிகாரி வந்தால் அதே குரல் இன்னும் உரக்க. வகுப்பைப் பெருக்க வந்த அம்மையாருக்கு ஒருநாளாவது அக்குரல் எழுந்ததுண்டா? மேலே இருப்பவரைக் கண்டால் எழுப்பும் ஒலி என்றே குழந்தை அச்சொல்லைப் புரிந்துகொள்கிறது.

பொருள் சொல்லித் தருகிறோம் என்போரும் உளர். 'என்னுள் உறையும் தெய்வம் உன்னுள் உறையும் தெய்வத்தை வணங்குகிறது' என்று வண்ண அட்டையில் அச்சிட்டு வகுப்புச் சுவரில் மாட்டுகிறார்கள். மேல்நாட்டு யோகா வகுப்புகளில் பெரிதும் வழங்கும் விளக்கம் இது. அழகான கருத்துத்தான்; ஆனால் சொல்லில் அத்தனையும் இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு அது எட்டவும் எட்டாது.

சொல்லில் இருப்பது எளிது. 'நமஸ்' என்பது வளைதல், பணிதல் என்னும் வேரிலிருந்து வந்தது. நம் 'வணங்கு' என்பதற்கும் வளைதலே அடிப்படை. 'தே' என்றால் 'உனக்கு'. உனக்கு வணக்கம், அவ்வளவே. இந்தி முகமன் என்று பெயர் பெற்றாலும் இது வடசொல். இந்தியில் தூ, தும், ஆப் என்று முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு. நம்மிடமும் நீ, நீர், நீங்கள் உண்டு. இச்சொல்லுக்குள் அமைந்த 'தே' அந்தப் படிகளை அறியாது. இறைவனை நோக்கியும் அதே 'தே'. எதிரே நிற்கும் எவரை நோக்கியும் அதே 'தே'. யஜுர்வேதத்து ஸ்ரீருத்ரம் தச்சருக்கும் குயவருக்கும் கொல்லருக்கும் வேடருக்கும் தனித்தனியே 'நம' சொல்கிறது. வைணவ ஊரைப் பற்றி எழுதும்போது சைவர் போற்றும் ருத்ரத்தை இழுப்பானேன் என்று கேட்பீர்கள். நல்ல சாட்சி எங்கிருந்தாலும் அழைக்கத்தானே வேண்டும்!

வடநாட்டில் ஒரு காலத்தில் முகமனே சாதியைக் காட்டும். அந்தணருக்கு ஒரு சொல், மற்றவருக்கு வேறொரு சொல். 1875-இல் தயானந்த சரஸ்வதி நிறுவிய ஆரிய சமாஜத்தார், எல்லாருக்கும் ஒரே முகமனாக 'நமஸ்தே'யைப் பரப்பினர். நம் நாட்டுக் கதையும் இதுதான். 'கும்பிடுறேன் சாமி' என்று குனிந்தவனுக்கு அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன 'சாமி' யார்? தனித்தமிழ் இயக்கமும் சுயமரியாதை இயக்கமும் பரப்பிய 'வணக்கம்' அந்த ஒருவழிப் பாதையை இருவழியாக்கியது. சொன்னவருக்குச் சொன்னதே மறுமொழி. இரு சொல்லுக்கும் உள்ள இந்த ஒற்றுமையை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏனோ தொடுவதில்லை.

மேல்கோட்டைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டாம். இராமாநுசர் சோழநாடு விட்டு வந்து 12 ஆண்டுகள் தங்கிய ஊர் என்பது மரபு. இன்றும் அவ்வூர்க் கோயிலில் ஆழ்வார்களின் தமிழ் ஒலிக்கிறது. கன்னடப் பெருங்கவிஞர் பு.தி. நரசிம்மாசார் 1905-இல் பிறந்த ஊரும் அதுவே. அவர் வீட்டு மொழி தமிழ். வைணவ அடியார் ஒருவரையொருவர் கண்டால் 'அடியேன்' என்பார். இருவரும் அடியாரே, ஆண்டான் அங்கே இல்லை. 'நம' என்பதையே 'எனக்கன்று' எனப் பிரித்துப் பொருள் கண்டனர் வைணவப் பெரியோர். கையிலுள்ள மிட்டாயைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டும் குழந்தைக்கு இது விளங்காதா?

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. செல்வப்பிள்ளையின் திருமேனியை மீட்டுவர உதவிய ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இராமாநுசர் 'திருக்குலத்தார்' என்று பெயரிட்டார் என்பர். பெயர் பெரிது. கோயிலுக்குள் நுழையும் உரிமையோ நெடுங்காலம் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே. மற்ற நாட்களில் அந்த 'அடியேன்' எங்கே போயிற்று? பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது பாதிக் கல்வி.

2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் உலகமே கைகூப்பியது நினைவிருக்கும். பிரான்சு அதிபர் மக்ரோன் ஸ்பெயின் அரசரைக் கைகூப்பி வரவேற்றார். நம்மவர் மார்தட்டினர். 'எங்கள் முன்னோர் அறிவியலை முன்பே அறிந்தனர்' என்றனர். தொடாமல் வணங்கும் வழக்கம் இருந்த நாட்டில்தான் தொட்டாலே தீட்டு என்ற வழக்கமும் இருந்தது. கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

இந்தி முகமனுக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய் என்று நம் மன்றத்து நண்பர் சிலர் சீறக்கூடும். 1938-இல் சிறை சென்றவர்களும் 1965-இல் உயிர் நீத்தவர்களும் எதிர்த்தது திணிப்பை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. நமஸ்தே சொல்லும் பிள்ளை சொல்லட்டும், நமஸ்கார சொல்வது சொல்லட்டும், வணக்கம் சொல்வது சொல்லட்டும். எச்சொல் ஆயினும் யாரிடம் சொல்கிறது என்பதே என் வழக்கு.

கற்பிக்கும் முறை ஒன்று சொல்வேன். சுவர் அட்டையைக் கழற்றிவிடுங்கள். நாளைக் காலை வகுப்பைப் பெருக்கும் அம்மையார் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து, தலைமையாசிரியருக்குச் சொல்லும் அதே குரலில் அச்சொல்லைச் சொல்லட்டும். ஆசிரியரும் தலையை மட்டும் அசைக்காமல் கைகூப்பட்டும். அந்த அம்மையார் முதல் நாள் திகைப்பார். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுத்தான் மறுவணக்கம் சொல்ல முடியும். அதற்கு அரை நிமிடம் ஆகலாம். முதல் பாடம் அரை நிமிடம் பிந்தித் தொடங்கட்டும்.