வயசின் மேல் பழி போடாதீர்கள்

"வயசானா கண்ணில் பூச்சி பறக்கத்தான் செய்யும். இதுக்குப் போய் டாக்டரா?" சர்க்கரை உள்ளவரிடம் இப்படிச் சொல்வது ஆறுதல் அல்ல, கெடுதல்.

நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'மூஷ் வொலாந்த்' என்று பெயர், பறக்கும் ஈக்கள். அவர்களுக்கு ஈ, நமக்குப் பூச்சி. பெயர் விளையாட்டாக இருப்பதால் விஷயத்தையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 12 வருடச் சர்க்கரை. ஒருநாள் காலை வலது கண்ணில் புகைக்கரி கொட்டியது போல் புள்ளிகள். நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பவர் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கண் மருத்துவரிடம் போனேன். அவர் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் பார்த்தார். விழித்திரையில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய் கசிந்திருந்தது. நான் பூச்சி என்று நினைத்தது என் ரத்தம். லேசர் வைத்தார்கள். இருந்தும் அந்தக் கண்ணுக்கு இன்று நாளிதழின் தலைப்பு மட்டும்தான் தெரிகிறது.

வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி, கெடுதல் இல்லாத புள்ளிகளும் வரும், மறுக்கவில்லை. ஆனால் எது எந்தப் புள்ளி என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. மங்கலும் அப்படியே. சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்ஸ் உப்பிப் பவர் மாறும். அந்த நேரத்தில் வாங்கிய கண்ணாடி, சர்க்கரை அடங்கியதும் உதவாது.

"எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்பதும் சாட்சி ஆகாது. இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையையும் மறைக்காது. மாத்திரை எழுதும் டாக்டர் கண்ணைப் பற்றிக் கேட்காவிட்டால், நீங்கள் கேளுங்கள்.

உயிரோடு இருக்கிறோம் என்று ஒவ்வொரு நவம்பரிலும் சான்றிதழ் கொடுக்க, பென்ஷன்காரர்கள் நாம் ஒருவர் தவறாமல் வரிசையில் நிற்கிறோம். அதே மாதம் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையையும் காட்டிவிட்டு வாருங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

திடீரென்று புள்ளிகள் கூடினாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல் மறைத்தாலோ நவம்பர் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள். நான் மூன்று வாரம் காத்திருந்தவன், சொல்கிறேன்.