அந்நிய முதலீடு எதைப் பார்த்து வருகிறது?



அந்நிய முதலீடு என்றாலே நமக்குக் கசப்புதான். 2012-ல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நியரை மத்திய அரசு அனுமதித்தபோது, நாடெங்கும் வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நமக்கு இன்றும் மாற்றமில்லை.

ஆனால் நம் எதிரே கடை போட வரும் முதலீடு வேறு; கணக்கெழுதுவது, சம்பளப் பட்டியல், கணினிப் பணி போன்ற அலுவலக வேலைகளைக் கொண்டுவரும் முதலீடு வேறு. முன்னது நம் வாடிக்கையாளரைப் பறிக்கும். பின்னது மாதச் சம்பளக்காரரை, அதாவது மளிகைச் சிட்டையை, ஊருக்குக் கொண்டுவரும்.

இது வெறும் வரிச் சலுகைக்காகவும் மலிவான நிலத்துக்காகவும் வருவதில்லை. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தது, அங்கிருந்த பொறியாளர்களையும் செயற்கைக்கோள் இணைப்பையும் நம்பித்தான். சென்னையில் 2000-ல் டைடல் பூங்கா திறந்தது. 2001-ல் உலக வங்கியே தன் கணக்கு வேலையைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. 2002-ல் சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் வந்தது. படித்த ஆள், தடையில்லா மின்சாரம், தகவல் தொடர்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒருவர் வந்தால் அடுத்தவரும் வருவார். மண்டித் தெருவிலேயே புது மண்டி திறப்பதும் இப்படித்தானே!

வேப்பந்தட்டையின் நிலை என்ன? அருகே எறையூர் சிப்காட்டில் தைவான் கூட்டுடன் காலணி ஆலை 2023-ல் தொடங்கியது. அது நல்லதே. ஆனால் நம் ஊர் அரசுக் கல்லூரியில் பட்டம் பெறும் பிள்ளைகள் அலுவலக வேலைக்குச் சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் வாங்கும் அரிசி பருப்பும் அவர்களோடு போய்விடுகிறது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கு ரயிலும் இல்லை.

2024-ல் விழுப்புரத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பெருநகர வேலை மாவட்டங்களுக்கு நகரும் காலம் இது. எனினும் கட்டடம் மட்டும் எழுப்பினால் கம்பெனி வராது. தடையில்லா மின்சாரமும், கண்ணாடி இழைக் கேபிளும், இரவுப் பேருந்தும், கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் முதலில் வேண்டும். இவற்றுக்கு ஆவன செய்யுமாறு அரசை வலியுறுத்துகிறோம்.

நம் பங்கும் உண்டு. ஜிஎஸ்டி கணக்கை வெளியூரில் கொடுக்கும் கடைக்காரர்கள், உள்ளூர் வணிகவியல் மாணவர்களுக்கு அந்த வேலையைப் பழக்கிக் கொடுக்கலாம். கணக்குத் தெரிந்த நூறு பிள்ளைகள் உள்ள ஊரைத் தேடித்தான் முதலீடு வரும்.