வழிவிட்டால் மீன் திரும்பும்

பேரங்காடியின் குளிர்பதனப் பகுதியில் செம்மஞ்சள் நிறத் துண்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும் சால்மன் மீனை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவற்றுள் பெரும்பாலானவை நார்வே போன்ற நாடுகளின் கடலோரப் பண்ணைகளில், வலைக்கூண்டுகளுக்குள் வளர்க்கப்பட்டவை. "கடையில்தான் இவ்வளவு கிடைக்கிறதே, சால்மனுக்கு என்ன ஆபத்து?" என்று கேட்போரும் உண்டு. ஆனால், கூண்டில் வளரும் மீன் வேறு. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன் வேறு. அவ்வாறு திரும்பி வரும் மீனுக்குத்தான் இன்று பல இடங்களில் வழியில்லாமல் போயிருக்கிறது.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஆறுகளில் மலைப்பனி உருகிய நீர் ஓடுகிறது. அந்தக் குளிர்ந்த நீரின் அடியில், கூழாங்கற்களுக்கு இடையே சால்மன் முட்டையிடும். குஞ்சுகள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஆற்றில் வாழ்ந்துவிட்டுக் கடலை நோக்கிச் செல்லும். பசிபிக் பெருங்கடலில் சில ஆண்டுகள் சுற்றித் திரிந்து கொழுத்த பின்னர், பிறந்த ஆற்று நீரின் மணத்தை அடையாளம் கண்டு அங்கேயே திரும்பும். ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை மட்டுமே நம்பி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, முட்டையிட்டு இறந்துபோகும். இறந்த மீனைக் கரடியும் கழுகும் தின்னும். எஞ்சியது மண்ணில் மக்கி மரங்களுக்கு உரமாகும். கடலின் சத்தை மலைக்காட்டுக்குச் சுமந்து செல்லும் கூலியில்லாத வேலையாள் இந்த மீன்.

இத்தகைய பயணத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழுந்தால் என்ன ஆகும்? வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆறு இதற்குத் தெளிவான சான்று. கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், 1910ஆம் ஆண்டு தொடங்கி 1913ஆம் ஆண்டுக்குள் அங்கு ஓர் அணை கட்டப்பட்டது. 1927ஆம் ஆண்டில் அதற்கு மேலே இரண்டாவது அணை எழுந்தது. மீன் ஏறிச் செல்லும் ஆறுகளில் அணை கட்டுவோர் அதற்கு வழி அமைக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டிலேயே அம்மாநிலத்தில் சட்டம் இருந்தது. அப்படியிருந்தும் இரண்டு அணைகளிலும் மீனுக்கு வழி வைக்கப்படவில்லை. வழிக்குப் பதிலாக ஒரு மீன்குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தால் போதும் என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டனர். அந்தப் பொரிப்பகமும் 1922ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அணை மட்டும் நூறாண்டு நின்றது. அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர், 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி மீன்பிடிக்கும் உரிமையைப் பெற்றிருந்தனர். உரிமை ஏட்டில் இருந்தது; மீன் ஆற்றில் இல்லை.

பாதையை அடைத்துவிட்டு அதற்கு ஈடாக வேறு எதையாவது கொடுத்துச் சமாளிக்கலாம் என்னும் எண்ணம் எல்வாவோடு முடியவில்லை. கொலம்பியா ஆற்றிலும் அதன் கிளையான ஸ்னேக் ஆற்றிலும் பல பெரிய அணைகள் உள்ளன. சிலவற்றில், மீன்கள் படிப்படியாக ஏறிச் செல்வதற்காக நீர் நிரம்பிய தொட்டிகளை அடுக்கி 'மீன் ஏணி' அமைத்திருக்கிறார்கள். வளர்ந்த மீன்களுள் பல அதில் ஏறிவிடுகின்றன. கடலுக்கு இறங்கும் குஞ்சுகளின் நிலைதான் பரிதாபம். விரைந்தோடும் ஆறு தங்களைத் தள்ளிச் செல்லும் என்று நம்பிப் புறப்படும் குஞ்சுகள், தேங்கிய நீர்த்தேக்கங்களில் திசை தெரியாமல் திணறுகின்றன; சில மின்சுழலிகளில் சிக்கி மடிகின்றன. இதைத் தவிர்க்க, குஞ்சுகளைப் பிடித்துப் படகுகளில் ஏற்றி, அணைகளுக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். ஆற்றில் மீன் படகேறிப் போகிறது! நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

தேங்கிய நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வெயிலில் சூடேறும். ஏறத்தாழ 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே சால்மன் தளர்ந்துவிடும். நோயும் எளிதில் தொற்றும். நம் ஊர் வெப்பத்தில் வாழ்பவர்களுக்கு 20 பாகை குளிராகத் தோன்றும். பனிநீர் மீனுக்கோ அது கொதிப்பு. 2015ஆம் ஆண்டின் கடும் கோடையில், கொலம்பியா ஆற்றில் ஏறி வந்த சாக்கை சால்மன்களுள் ஏறத்தாழ 250,000 மீன்கள் முட்டையிடும் முன்னரே மாண்டன. சாக்கை மீன்களுள் ஒரு பிரிவு, ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குச் செல்வது. கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி, எட்டு அணைகளைக் கடந்து, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திற்கு அது ஏற வேண்டும். 1992ஆம் ஆண்டில் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் ஆண் மீன். 'தனிமை லாரி' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். எஞ்சிய சில மீன்களைப் பொரிப்பகத்தில் காப்பாற்றி இராவிட்டால் அந்தப் பிரிவு அன்றே அழிந்திருக்கும். ஆகவே பொரிப்பகமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது தீவிர சிகிச்சைப் பிரிவு போன்றது. நோயாளி காலமெல்லாம் அங்கேயே குடியிருக்க முடியாது.

மாற்று ஏற்பாடுகளால் முடியாததைத் திறந்த ஆறு செய்து காட்டியது. எல்வாவின் அணைகளை அகற்ற வழிசெய்யும் சட்டம் 1992ஆம் ஆண்டில் நிறைவேறியது. பணம் திரட்டவும் திட்டமிடவும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் இடிப்பு தொடங்கி, 2014ஆம் ஆண்டில் இரண்டு அணைகளும் முற்றாக அகற்றப்பட்டன. நூறாண்டாகத் தேங்கிக் கிடந்த வண்டலும் மணலும் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, ஆற்று முகத்தில் புதிய மணற்கரை உருவானது. 110 கிலோமீட்டருக்கும் அதிகமான நீர்வழி மீண்டும் திறந்தது.

எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி ஸ்டீல்ஹெட் என்னும் மீனைப் பற்றியது. ஸ்டீல்ஹெட்டும் ஆற்றிலேயே வாழும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய் வந்தால் அது ஸ்டீல்ஹெட்; போகாமலே இருந்துவிட்டால் டிரவுட். அணை கட்டியபோது மேற்பகுதியில் சிக்கிக்கொண்ட மீன்கள், தலைமுறை தலைமுறையாக டிரவுட்டாகவே வாழ்ந்தன. அவற்றுள் எதுவும் கடலைச் சென்று கண்டு திரும்பியதில்லை. ஆனால், அணை அகன்றதும் அவற்றின் வழித்தோன்றல்கள் கடலுக்குச் சென்று, கோடையில் ஆறேறும் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. கடலுக்குப் போகும் இயல்பு நூறாண்டு காலம் அவற்றின் மரபணுவில் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தப் பொரிப்பகமும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அணைகளால் தூய்மையான மின்சாரம் கிடைக்கிறதே, அவற்றை இடித்தால் நிலக்கரியை அல்லவா எரிக்க நேரிடும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணை 168 மீட்டர் உயரமானது. அதன் மின்சாரத்தையும் பாசன நீரையும் பல இலட்சம் மக்கள் நம்பியிருக்கிறார்கள். அதை இடிக்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. அதே வேளையில் அதன் விலையையும் மறைக்கக்கூடாது. அந்த அணையில் மீன் ஏணியே இல்லை. அது எழுப்பிய நீர்த்தேக்கத்தில் கெட்டில் அருவி என்னும் பழம்பெரும் மீன்பிடி இடம் மூழ்கவிருந்தபோது, 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் பல பழங்குடியினர் அங்கே கூடி மூன்று நாள் துக்கம் அனுசரித்தார்கள். எல்வாவின் நிலை வேறு. அதன் இரண்டு அணைகளும் இறுதியில் ஒரு காகித ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியையே தந்தன. அதற்காக ஓர் ஆறு முழுவதையும் பூட்டி வைத்திருந்தது எந்தக் கணக்கிலும் சேராது. ஒவ்வோர் அணையையும் தனித்தனியே எடைபோட வேண்டும். அப்படி எடைபோடும்போது, மின்சாரத்தைக் காற்றிலிருந்தும் கதிரவனிடமிருந்தும் பெற முடியும், சால்மனுக்கு மாற்று வழி இல்லை என்பதையும் தராசில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எல்வா தனி நிகழ்வு அன்று. கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்கள் வழியே ஓடும் கிளாமத் ஆற்றில் 2002ஆம் ஆண்டில் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. யூரோக் முதலிய பழங்குடியினர் அதன்பின் விடாமல் போராடினார்கள். 2024ஆம் ஆண்டில் அங்கு நான்கு அணைகளை அகற்றும் பணி முடிந்தது. முடிந்த சில வாரங்களிலேயே, அக்டோபர் மாதத்தில், அணைகள் இருந்த இடத்தைக் கடந்து ஓரிகனின் நீரோடை ஒன்றில் சினூக் சால்மன் தென்பட்டது. 1912ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கு வந்த முதல் சால்மன் அது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. எல்வாவில் அணையை இடித்தபோது ஆறு சேறாக ஓடியதால், மீன்களைப் பாதுகாக்கப் பொரிப்பகத்தின் துணை தேவைப்பட்டது. மீன்பிடிப்பதற்கும் தடை விதிக்கப்பட்டது. கிளாலம் மக்களும் அதை ஏற்றுத் தூண்டிலை எடுத்து வைத்தார்கள். 2023ஆம் ஆண்டு அக்டோபரில், கோஹோ வகைச் சால்மனைச் சிறிய அளவில் பிடிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அப்போதும் சினூக்கைப் பிடிக்க அனுமதி இல்லை. அது பெருகும் வரை அவர்கள் காத்திருக்கிறார்கள்.